அசையாத் தோளர் சபாபதியின் விரத மகிமை

உலகத்தில் எத்தனையோ நாகரிகங்கள் தோன்றி என்னென்னவோ கண்டுபிடித்துவிட்டுப் போயிருக்கின்றன. ஒருவர் சக்கரம் கண்டார், ஒருவர் காகிதம் கண்டார். ஆனால் ஆண்பிள்ளையின் உடம்பு இடுப்போடு முடிந்து, மறுபடியும் முழங்காலில்தான் ஆரம்பிக்கிறது என்ற மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்த பெருமை நம்முடையது. நடுவில் இருப்பது வேட்டி கட்டுவதற்காக ஒதுக்கப்பட்ட காலி மனை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாததால் அங்கே நோய் நொடி எதுவும் வருவதில்லை. வந்தாலும் அதற்கு ‘வாயு’ என்று பெயர்.

இந்த உண்மையைத் தன் சொந்த முதுகில் சுமந்து நிரூபித்தவன் கடலூர் சபாபதி.

சபாபதி மஞ்சக்குப்பத்தில் கட்டில், பீரோ, மெத்தை விற்கும் கடையில் விற்பனையாளன். கல்யாணச் சீருக்குக் கட்டில் வாங்க வருகிற குடும்பங்களை முதலாளி அவனிடம்தான் அனுப்புவார். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இரட்டைக் கட்டிலைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஆள் அவன்தான். “பாருங்க, ஆடாது. கிறீச்சுன்னு சத்தம் வராது. பத்து வருஷம் கேரண்டி” என்று காலைப் பிடித்து ஆட்டிக் காட்டுவான். மாப்பிள்ளை வீட்டார் கட்டிலைப் பார்ப்பார்கள். பெண் வீட்டார் கடையின் கூரையைப் பார்ப்பார்கள். வியாபாரம் கௌரவமாக முடியும்.

கடைக்கு வெளியே அவனுக்கு இன்னொரு பதவி உண்டு. தெருக்கோடி முருகன் கோயிலின் ‘தோள் கைங்கரிய சபை’யில் முன்வரிசை ஆள். மாசி மகத்தன்று வள்ளி தெய்வானையோடு முருகனைப் பல்லக்கில் ஏற்றி, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தோளிலேயே தூக்கிக்கொண்டு போவது சபையின் வேலை. தூக்குகிறவர்கள் முன்னதாகவே கையில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்பு கையில் இருக்கும்வரை மீன் கிடையாது, செருப்பு கிடையாது, படுக்கை தனிப் பாயில். சாமி தீர்த்தமாடியதும் இவர்களும் கடலில் முங்கி எழுந்து, காப்பை அவிழ்த்து அலையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வஞ்சிர மீன் குழம்பு சாப்பிடுவார்கள்.

சபைத் தலைவர் சுப்பராயலு. சபாபதிக்குத் தாய்மாமன். அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர அலுவலகம் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. வீட்டில் சட்னி அரைப்பதைக்கூட ‘பொருள் ஒன்று’ என்றுதான் ஆரம்பிப்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத்து மாசி மகத்தில்தான் அந்த அற்புதம் நடந்தது.

பல்லக்கு கடற்கரைச் சாலைக்குத் திரும்புகிற இடத்தில், யாரோ எதற்கோ தோண்டி, மூட மறந்த பள்ளம் ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு கோணியைப் போட்டு, கோணிமேல் யாரோ பக்தியோடு கோலமும் போட்டிருந்தார்கள். சபாபதியின் வலது கால் கோலத்தை மிதித்து உள்ளே போனது. பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்துத் தண்டைத் தூக்கிய கொளஞ்சி ‘மச்சான்’ என்று கத்தினான். சபாபதி பல்லைக் கடித்து, காலைப் பள்ளத்திலேயே ஊன்றி, முருகனையும் இரண்டு தேவிமாரையும் ஒற்றை ஆளாகத் தாங்கி நிமிர்ந்தான்.

சாமி அசையவில்லை. சபாபதியின் இடுப்பில்தான் ஏதோ அசைந்தது.

கடற்கரையிலேயே அவசரக் கூட்டம் கூடியது. சுப்பராயலு மைக்கைப் பிடித்து, “இந்தச் சபையின் வரலாற்றில்” என்று தொடங்கி, சபாபதிக்குப் பட்டுத் துண்டு போர்த்தி, ‘அசையாத் தோளர்’ என்ற பட்டத்தை வழங்கினார். சபாபதியும் அசையாமல் நின்று ஏற்றுக்கொண்டான். அசைந்தால் உயிர் போயிற்று.

“மாமா, இடுப்புல ஒரு மாதிரியா இருக்கு” என்று மெதுவாகச் சொன்னான்.

“என்னா மாதிரி?”

“சாமி தூக்கறப்ப புடிச்சிக்கிச்சு போல.”

சுப்பராயலு மைக்கைக் கையால் பொத்தினார். “கன்னத்துல போட்டுக்கடா. சாமி தூக்கினவனுக்கு இடுப்பு வலின்னு வெளிய தெரிஞ்சா என்னா ஆவறது? சாமி மேலயே கேஸ் போடற மாதிரி. இது வாயு. வீட்டுக்குப் போயி இஞ்சி தட்டிப் போட்டுக் குடி.”

சபாபதி கன்னத்தில் போட்டுக்கொண்டான். எல்லோரும் கடலில் முங்கப் போனார்கள். அவனால் குனியவும் முடியவில்லை, அலையில் நிற்கவும் முடியவில்லை. காப்பு கையிலேயே இருந்துவிட்டது.

வீட்டில் மனைவி இளமதி குழம்பைக் கொதிக்கவைத்துக் காத்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள், ஆனால் எதையும் பார்க்காமல் விடமாட்டாள்.

“காப்பு அவுக்கலியா?” என்றாள்.

வலிக்கிறது என்று சொன்னால் சாமி குற்றம். குனிய முடியவில்லை என்று சொன்னால் பட்டத்துக்குக் குற்றம். அசையாத் தோளர் ஒரு நொடி யோசித்து, “வேண்டுதல். அடுத்த மகம் வரைக்கும் விரதம்” என்றான்.

இளமதி குழம்பை மூடிவைத்தாள். தனிப் பாய் மறுபடியும் விரிக்கப்பட்டது.

முதலில் அவன் நினைத்தது ஒரு வாரம் படுத்தால் சரியாகிவிடும், அப்புறம் கனவில் முருகன் வந்து ‘போதுமப்பா’ என்று சொன்னதாகச் சொல்லிக் காப்பை அவிழ்த்துவிடலாம் என்பதுதான். வலி குறையவில்லை. இடுப்பில் ஆரம்பித்து, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை இறங்கியது. இரண்டு மாதம் கழித்து இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்தது. காப்பை அவிழ்த்தாலும் பிரயோசனமில்லை. காலி மனையில் விளக்கு எரியவில்லை. இளமதி தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு அறைக்குள் நடமாடினால் முன்பெல்லாம் அவன் கண் கூடவே நடக்கும். இப்போது அந்த வாசனை வந்தாலே, திரும்பினால் எங்கே வலிக்குமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. பயத்துக்குப் பின்னால் வேறு எதுவும் வரவில்லை.

எனவே விரதம் தொடர்ந்தது. பொய்யாகப் பிறந்தாலும் அது ஒழுங்காக வளர்ந்தது.

சபாபதியின் அம்மா தங்கம்மாள் இந்த விரதத்தைப் பால்காரரிடம் சொன்னாள். பால்காரர் தெருவுக்குச் சொன்னார். ஆடி மாதம் சபையின் பொதுக்கூட்டத்தில் சுப்பராயலு கண்கலங்க எழுந்தார்.

“பொருள் ஒன்று. நம் உறுப்பினர் சபாபதி வருஷ விரதம் இருக்கிறார். மனைவி இருந்தும் மலை மாதிரி இருக்கிறார். இதை முன்மாதிரியாகக் கொண்டு, இனி எல்லா உறுப்பினர்களும் வருஷம் முழுக்கக் காப்பு கட்டவேண்டும் என்று தீர்மானிக்கப்படுகிறது.”

பெரும் கொந்தளிப்பு எழுந்தது. எல்லாம் மீனைப் பற்றி.

“கடலூர்ல பொறந்துட்டு வருஷம் பூரா கவுச்சி இல்லாம எப்பிடி தலைவரே?”

“கருவாடாவது உண்டா?”

“கருவாட்டுல உசுரு இல்லியே, அது சைவத்துல வராதா?”

விரதத்தின் மற்ற பகுதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லப்போனால் சிலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கொளஞ்சிதான் முதலில் கையை நீட்டி, “எனக்குக் கட்டுங்க மாமா” என்றான். அவன் மனைவி மாரியம்மாள் மூன்று நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை என்பது வரலாறு.

இதனால் தெருவில் பக்தி ஓங்கியது. பெண்கள் சபாபதியைப் பார்த்த பார்வையில் மட்டும் பக்தி இல்லை.

சுப்பராயலு ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காள் வீட்டுக்கு வருவார். காலையில் சபாபதியின் கையைப் பிடித்து, “உன்னைப் போல ஒரு பிரம்மசாரியை நான் பார்த்ததில்லை” என்பார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது அக்காளிடம் குரலைத் தாழ்த்துவார். “ஏன் அக்கா, இன்னும் ஒண்ணும் இல்லியே. பொண்ணுக்கு எதுனா கொறையா?”

“யாருக்குத் தெரியும். ஒடம்பு சூடுன்னு நெனக்கறேன்” என்பாள் தங்கம்மாள்.

காலைக் கருத்துக்கும் மதியக் கருத்துக்கும் நடுவில் ஏதோ இடிக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இளமதிக்குத் தோன்றியிருக்கலாம். அவள் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, “பெரியப்பா, காபிக்குச் சக்கரை போடட்டா? இல்ல, அதுக்கும் விரதமா?” என்று கேட்டாள்.

“போடும்மா, போடு. ஜாஸ்தியாவே போடு” என்றார் அவர்.

இளமதி திருவந்திபுரம் போனாள். மலைப் படி ஏறி, உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, தன் உடம்பில் இருக்கும் குறை கரையவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். ஊரில் யாரும் அவளுக்குக் குறை இருப்பதாக வைத்தியரை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதும் நம் கண்டுபிடிப்புதான்.

ஒரு மதியம் சபாபதி தரையில் மல்லாந்து படுத்திருந்தான். இளமதி பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என் மேல எதுனா கோவமா?”

“இல்லியே.”

“என்னைப் புடிக்கலியா?”

“விரதம் இளமதி.”

“சாமிக்கு நான் என்னா செஞ்சேன்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள். நாரை இறுக்கினாள், ஒரு மொட்டு அறுந்து விழுந்தது. அவன் கூரையைப் பார்த்தான். கடைக்கு வரும் பெண் வீட்டார் பார்ப்பது போலவே பார்த்தான்.

அன்றுதான் அவன் வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தான். கடலூரில் பார்த்தால் பட்டம் போய்விடும். ஆகவே சிதம்பரம்.

அந்த நாளில் நம் பேருந்து நிலையச் சுவர்களில் ஒரு சுவரொட்டி தவறாமல் இருக்கும். அதில், மாதத்தில் ஒரு நாள் ஒவ்வொரு ஊர் லாட்ஜிலும் ‘முகாம்’ இடும் பரம்பரை வைத்தியர், ஆண்மக்கள் இழந்ததையெல்லாம் மீட்டுத் தருவதாக வாக்களித்திருந்தார். சபாபதி சிதம்பரம் லாட்ஜின் மாடி ஏறினான். கூடத்தில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தது ஒரே செய்தித்தாள். அதைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார்கள். தமிழ்நாட்டில் செய்தித்தாள் இவ்வளவு ஊன்றிப் படிக்கப்பட்ட இடம் வேறு இருக்காது.

சபாபதி நிற்பதைப் பார்த்து, விளையாட்டுப் பக்கத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது. கொளஞ்சி.

“மச்சான், நீயா?”

“நான் ஒரு சிநேகிதனுக்காவ வந்தேன்” என்றான் சபாபதி.

“நானும் அதுக்குத்தான். யாரு உன் சிநேகிதன்?”

“உனக்குத் தெரியாது. உன்னோட ஆளு?”

“அவனையும் உனக்குத் தெரியாது.”

“ரொம்பக் கஷ்டப்படறானா?”

“பாவம் மச்சான். பாக்கவே முடியல.”

இரண்டு பேரும் அந்த அறிமுகமில்லாத சிநேகிதர்களுக்காகச் சிறிது நேரம் மௌனமாக வருந்தினார்கள்.

உள்ளே வைத்தியர் கட்டிலில் சம்மணமிட்டிருந்தார். கட்டில் ஆடியது. சபாபதி அதைக் கவனித்தான், சொல்லவில்லை.

“சின்ன வயசுல தப்பு பண்ணியிருக்கியா?” என்றார் வைத்தியர்.

சபாபதி கை கட்டிக்கொண்டான். “ஒருக்கா கோயில் சுண்டல ரெண்டு தடவ வாங்கிட்டேன் ஐயா.”

“அது இல்ல. வேற தப்பு.”

வேறு தப்பு எது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் எவனும் தலையாட்டிவிடுவான். ஆட்டினான்.

“அதான். நரம்பு தளந்துபோச்சு. உக்காரு.”

“உக்கார முடியல ஐயா. உக்காந்தா இடுப்புலேருந்து கால் வரைக்கும் கரண்ட் பாயுது.”

வைத்தியர் முகம் மலர்ந்தது. “நல்லது. நரம்புல கரண்ட் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். இந்த லேகியத்த பால்ல கலந்து ஒரு மண்டலம் சாப்பிடு. ஒரே ஒரு கண்டிஷன். மருந்து முடியற வரைக்கும் விரதமா இருக்கணும். முடியுமா?”

“அது ஒண்ணுதான் ஐயா முடியும்” என்றான் சபாபதி.

லேகியப் புட்டியோடு லாட்ஜின் படியில் இறங்கும்போது நடுப்படியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பின்னால் வந்த கொளஞ்சி ஒன்றும் கேட்கவில்லை. தன் புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, சபாபதியின் கையைத் தன் தோளில் போட்டுத் தாங்கிக் கீழே கொண்டுவந்து, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சிநேகிதர்களைப் பற்றிய பேச்சு ஆட்டோவில் எழவில்லை. கருணை என்பது சில நேரம் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவது.

எலும்பு வைத்தியர் நல்ல மனிதர். கெட்டிக்காரர். குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. வெளி நோயாளிகள் கூடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்க, காலைத் தூக்கிப் பார்த்து, விரலால் கீறிப் பார்த்து, வேகமாகக் கேட்டார்.

“ஒண்ணுக்குப் போறதுல சிரமம் உண்டா? உக்கார்ற எடம் மரத்துப் போகுதா?”

“இல்லீங்க சார்.”

“தாம்பத்தியம் எப்படி?”

பெஞ்சு முழுக்கத் திரும்பியது. காது கேட்காத ஒரு பெரியவர், “என்னா கேட்டாரு?” என்றார். பக்கத்திலிருந்தவர் அவருக்காகச் சத்தமாக ஒருமுறை சொன்னார்.

“விரதம் சார்” என்றான் சபாபதி.

“வருஷ விரதம் சார்” என்று பின்னாலிருந்து கொளஞ்சி பெருமையோடு சேர்த்துச் சொன்னான்.

பெஞ்சில் ஒரு மரியாதை பரவியது. பெரியவர் எழுந்து கும்பிட்டார். வைத்தியர் ‘அந்த விஷயத்தில் குறை ஏதும் இல்லை’ என்று முடிவுகட்டி, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, பிறகு பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பிசியோதெரபி அறையில் சிந்துஜா என்ற பெண் இருந்தாள். இளமதி வயதுதான் இருக்கும். ஸ்கேனைப் பார்த்தாள். சபாபதியைப் பார்த்தாள். கொளஞ்சியிடம், “அண்ணே, கேன்டீன்ல போயி எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வரீங்களா? மெதுவா வாங்க” என்றாள். அவன் போனதும் கதவைச் சாத்தினாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். அது கடகடவென்று சத்தம் போட்டது. பிறகு தன் நாற்காலியைச் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தின் பக்கம் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, படத்தோடு பேசுவது போலப் பேசினாள்.

“இந்த எலும்புக்கும் இந்த எலும்புக்கும் நடுவுல ஒரு மெத்தை இருக்கு. பாரம் தாங்காம அது பிதுங்கியிருக்கு.”

மெத்தை என்றதும் சபாபதிக்குப் புரிந்தது. தினமும் விற்கிற பொருள்.

“பிதுங்கினது பக்கத்துல போற நரம்ப அழுத்துது. காலுக்குப் போற நரம்பும் இந்த வழிதான். நீங்க சொல்றதுக்குக் கூச்சப்படற எடத்துக்குப் போறதும் இந்த வழிதான். விரதமா, இல்ல முடியலியா?”

மின்விசிறி கடகடத்தது. படத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு அவன் கூரையைப் பார்த்துப் பதில் சொன்னான். “முடியல மேடம்.”

“நெறைய பேருக்கு அப்படித்தான் இருக்கு. பாதி நரம்பு. மீதி, வலிக்குமோங்கற பயம். வலி மாத்திரையும் கவலையும் வேற.”

“நெறைய பேருக்கா?”

“இந்த மேசையில வந்து படுக்காத ஆளு இல்ல. லாரி ஓட்டறவங்க, மூட்ட தூக்கறவங்க. நான் கேட்டா எல்லாருக்கும் ஏதோ ஒரு சாமிக்கு விரதம். இந்த ஜில்லாவுல இவ்ளோ பக்தி இருக்கறது இங்க வந்தப்புறந்தான் எனக்குத் தெரிஞ்சிது.”

அந்த ஒரு வருஷத்தில் முதல் முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இடுப்பு வலித்தது.

“சரியாயிடுமா?”

“உங்க அளவுக்கு இருந்தா பெரும்பாலும் சரியாயிடும். நான் சொல்லித் தர்ற பயிற்சிய வுடாம செய்யுங்க. பாரம் தூக்காதீங்க, சாமியா இருந்தாலும் சரி. உக்கார்ற எடம் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்குப் போக முடியலன்னாலோ, விடியட்டும்னு இருக்காம உடனே ஓடி வாங்க. மத்தத டாக்டர்கிட்ட நானே சொல்றேன், மெதுவா. வீட்ல என்னா சொல்லியிருக்கீங்க?”

“விரதம்னு.”

“நம்பறாங்களா?”

சபாபதிக்கு மிளகும் உப்பும் நினைவுக்கு வந்தன. “அவ தனக்குத்தான் கொறைன்னு நெனச்சிட்டு இருக்கா.”

சிந்துஜா படத்தை விட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபாபதி வீட்டுக் கூடத்தில் சுப்பராயலு ஒரு கூட்டம் கூட்டினார். மாசி மகத்துக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கியிருந்தது. தங்கம்மாள் தூணோரம். கொளஞ்சி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு. இளமதி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு உள்ளறை வாசலில் நின்றாள். அவள் காலடியில் துணிப் பை. காட்டுமன்னார்கோயிலுக்கு மதியம் பஸ். யாரும் போகச் சொல்லவில்லை. போகாமல் இருக்கும்படியும் யாரும் சொல்லவில்லை.

“பொருள் ஒன்று” என்றார் சுப்பராயலு. “சபாபதியின் வருஷ விரதத்தைப் பாராட்டுதல். பொருள் இரண்டு. மூணாவது வருஷம் நெருங்கியும் வாரிசு இல்லாதது குறித்து இளமதியிடம் விசாரித்து, பண்ருட்டிப் பக்கம் ஒரு பெண் இருப்பது பற்றி யோசித்தல். தப்பா நெனக்காதம்மா. நம்ம முருகனுக்கே ரெண்டு பேரு.”

இளமதி பையின் காதைப் பிடித்தாள்.

சபாபதி சுவரைப் பிடித்து எழுந்தான். “மாமா, பொருள் ஒண்ணுதான் பொருள் ரெண்டுக்குக் காரணம்.”

“என்னாடா சொல்ற?”

“வருஷம் பூரா தனிப் பாயில படுக்கறவன் வீட்டுல கொழந்த எப்பிடி மாமா வரும்?”

ஒரு வருஷமாக யாருக்கும் தோன்றாத கணக்கு, ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தோன்றியது. “அதானே” என்றாள் தங்கம்மாள், தன்னை அறியாமல்.

சுப்பராயலு சமாளித்தார். “அப்போ விரதத்த முடிச்சுக்கடா. தீர்மானத்தத் திருத்திக்கலாம்.”

“விரதமே இல்ல மாமா. முடியல. போன மகத்துல பள்ளத்துல கால் போச்சே, அன்னிக்கே இடுப்புல மெத்தை பிதுங்கிடுச்சு. ஸ்கேன் எடுத்தாச்சு. அதனால எல்லாமே போச்சு. வெக்கப்பட்டுட்டு விரதம்னு சொன்னேன். கொறை இவகிட்ட இல்ல. எனக்குத்தான்.”

“சாமி தூக்கினதால வந்துச்சுங்கறியா? சாமி மேலயா பழி போடற?”

“சாமி பாட்டுக்குப் பேசாம வந்தாரு. பள்ளத்த மூடாதவன் மேல கொஞ்சம் பழி. வலிக்குதுன்னு சொன்னவன இஞ்சி குடிக்கச் சொன்ன நம்ம சபை மேல கொஞ்சம். மீதி என் மேல.”

வாசலில் கொளஞ்சி தொண்டையைச் செருமினான். “மாமா, எனக்கும் இடுப்பு வலி. ரெண்டு வருஷமா.” பிறகு, அவசரமாக, “எனக்கேதான். சிநேகிதனுக்கு இல்ல” என்றான்.

சுப்பராயலு வாய் திறந்தார். பொருள் மூன்று கிடைக்கவில்லை.

“பெரியப்பா, காபி ஆறிடும்” என்றாள் இளமதி. “குடிச்சிட்டுக் கெளம்புங்க. அத்தை, நீங்களும் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. நான் இவுரோட பேசணும்.”

எல்லோரும் வெளியே போனதும் அவள் கதவைச் சாத்தினாள். ஒரு வருஷத்தில் அவனுக்காகச் சாத்தப்பட்ட இரண்டாவது கதவு அது.

“நான் மலை ஏறி மிளகு போட்டேன்” என்றாள்.

“தெரியும்.”

“ஊரே என்னை மலடின்னுச்சு. நீங்க கேட்டுட்டுதான் இருந்தீங்க.”

“வெக்கமா இருந்துச்சு இளமதி.”

“உங்களுக்கு வெக்கம்னா அத நான் எதுக்குப் போட்டுக்கணும்? பொடவையா அது?” அவள் அழுதாள். நன்றாக அழுதாள். அவன் கிட்டப் போகவும் தெரியாமல், தூரப் போகவும் தெரியாமல் நின்றான். பிறகு அவள் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பையைப் பிரித்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பழைய கம்பளித் துண்டை எடுத்தாள். அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

“எந்த எடத்துல வலிக்குது? காட்டுங்க” என்றாள்.

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

அப்புறம் நடந்தவற்றை வரலாறு சுருக்கமாகக் குறித்திருக்கிறது. சபை அவசரமாகக் கூடி வருஷ விரதத் தீர்மானத்தை ரத்து செய்தது. மீன் கடைகளில் மகிழ்ச்சி திரும்பியது. தெருவில் இருந்த ஆண்களில் பலர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், சிதம்பரம் போய்வந்தார்கள். “உங்க தெருவுல எத்தனை சிநேகிதருங்க?” என்று சிந்துஜா ஒருமுறை சபாபதியிடம் கேட்டாள். சபாபதி நாள் தவறாமல் பயிற்சி செய்தான். லேகியத்தை இளமதி பழைய கட்டிலின் மூட்டுகளில் தடவினாள். கிறீச் சத்தம் நின்றது. ஆக அந்த மருந்தும் வீண் என்று சொல்ல முடியாது. மற்ற முன்னேற்றங்களுக்கு அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாமும் வெளியே நிற்பதே முறை.

மறு வருஷத்து மாசி மகத்தில் முருகன் வழக்கம்போலத் தேவனாம்பட்டினம் போனார். பள்ளத்தைச் சபையே மண் போட்டு மூடியிருந்தது. தோள் வலித்தவர்கள் வாய்விட்டுச் சொல்லி ஆள் மாற்றிக்கொண்டார்கள். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு தேவிமாருக்கும் நடுவில் எப்போதும் போலச் சிரித்த முகம்.

சபாபதி தூக்கவில்லை, கூட நடந்தான். அலையோரத்தில் அவனால் இன்னும் முழுசாகக் குனிய முடியவில்லை. இளமதி அவன் கையைப் பிடித்து, நிறம் போய் நூலாகிக் கிடந்த பழைய காப்பை அவிழ்த்து, அவனுக்காகக் குனிந்து அலையில் விட்டாள்.

அதற்குள் மைக் கரகரத்தது. சுப்பராயலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உண்மையைத் துணிந்து சபையில் சொன்னதற்காகச் சபாபதிக்கு ‘வாய்மைத் தோளர்’ என்ற புதிய பட்டமும் பட்டுத் துண்டும் வழங்கினார். நண்பனைத் தாங்கியதற்காகக் கொளஞ்சிக்கு ஒரு துண்டு. பள்ளம் மூட மண் கொடுத்தவருக்கு ஒரு துண்டு. மைக் செட்டுக்காரருக்கும் ஒரு துண்டு. இளமதி ஒரு கையில் புருஷனின் செருப்பும், மறு கையில் அவனுக்குப் போர்த்திய இரண்டு வருஷத்துப் பட்டுத் துண்டுகளுமாக ஓரமாய் நின்றாள். ஒரு வருஷம் முழுக்க ஒரு குடும்பத்தின் மானத்தை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு, எத்தனையோ பள்ளத்தில் கால் போயும், அதை ஒரு பக்கமும் சாயவிடாமல் நின்றவள் அவள்தான். அவளுக்குப் போர்த்த சபையிடம் துண்டு இல்லை. அதில் சபையைக் குறை சொல்வதற்கில்லை. ஆணுக்கு இடுப்புக்குக் கீழேயும் உடம்பு உண்டு என்பதையே அந்த வருஷம்தான் கண்டுபிடித்த நாகரிகம் அது. பெண்ணுக்குத் தோள் உண்டு என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் எத்தனை மகம் ஆகுமோ.